முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு
மலையின் கடைசி வளைவில் இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிள் ஊர்ந்து ஏறுகிறது. முன்னால் தச்சர், பின்னால் அவர் மனைவி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக்கணக்கில் சுவரையே பார்த்துக் கிடந்தவள் வீடு திரும்பி, உடம்பு தேறி வெளியே வரும் முதல் நாள் இது. செயின் முனகுகிறது, தச்சருக்கு நாக்குத் தள்ளுகிறது. "ஏம்மா, மிதிக்கிறியா இல்லையா?" பின்னாலிருந்து மிதிக்கும் விசையே வரவில்லை. மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ என்று காலை ஊன்றித் திரும்புகிறார். அவள் கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அவரும் பார்க்கிறார். பெரிய மேக நிழலொன்று சரிவில் வழுக்கி இறங்கிக் கிராமங்களைத் தடவிக்கொண்டே போகிறது. ஓர் ஊரின் தகரக் கூரைகள் அணைய, அடுத்த ஊர் பளிச்சென்று எரிகிறது. சீவிப்போட்ட மரச்சுருள் போல ஆறு வளைந்து மின்னுகிறது. எங்கோ அடியில் ஒரு நாய் குரைப்பது பக்கத்திலிருப்பது போலக் கேட்கிறது. வழி முழுக்க இவ்வளவும் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அவர் கண்டதெல்லாம் முன்சக்கரமும் தார் ரோடும்தான். திட்ட வாயெடுத்தவர் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவள் இறங்கி முன்னால் வந்து, அவர் கைக்குப் பக்கத்தில் ஹாண்டில்பாரைப் பிடிக்கிறாள். "திரும்பிப் போறப்ப நான் ஓட்டுறேன்," என்கிறாள். "நீங்க பாத்துக்கிட்டே வாங்க."