நாலு டிக்கெட்

"நான் பொது வரிசையிலதான் வருவேன். இதுல பேச்சே கிடையாது."

மலை ஏறி வந்து, கோயில் வாசலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அம்மா இப்படி அடம்பிடிப்பாள் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை.

"பொது வரிசை நாலு மணி நேரம் ஆகும்டி. அங்கே பாரு, மலையையே சுத்திக்கிட்டு நிக்குது. உன் முட்டி நாலு நிமிஷம் தாங்குமா?"

"தாங்கும். எனக்கு வேண்டுதல்."

"எப்ப வேண்டிக்கிட்டே? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சாமிகிட்ட சொன்னேன். உங்ககிட்டயும் மனு கொடுக்கணுமா?"

மருமகள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ.

பெரியவனுக்குத்தான் குரல் ஏறியது. "சிறப்பு தரிசனத்துக்கு நாலு டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன். பத்து நிமிஷத்துல பார்த்துட்டு வந்துடலாம். உனக்கு ஏம்மா இந்தப் பிடிவாதம்?"

"பத்து நிமிஷத்துல கிளம்பறதுக்கு இது என்ன பஸ் ஸ்டாண்டாடா?"

"அப்ப போய் நில்லு! மயங்கி விழுந்தா எங்களைக் கூப்பிடாதே." தோளில் கிடந்த கம்பளிப் போர்வையை உருவி அம்மாவின் மேல் எறிந்தான். "இதையும் சுத்திக்கோ. குளிர்ல விறைச்சுப் போனா யாரு தூக்கிட்டு இறங்கறது?"

பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் கணவரிடம் முணுமுணுத்தாள். "பெத்த தாய்கிட்ட எப்படிப் பேசறான் பாருங்க!"

அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொது வரிசைப் பக்கம் போய் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மூன்று பேரும் சிறப்பு வாசலுக்குள் மறையும் வரை அசையவில்லை.

மறைந்ததும், "அம்மா!" என்று ஒரு குரல்.

வரிசையின் கடைசியில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள் சின்னவள்.

"எத்தனை பேருக்கு வழி விட்டேன் தெரியுமா? எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கறாங்க. நீ வருவியோ, மாட்டியோன்னு..."

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். 'எனக்கு ஒரே பிள்ளைதான்' என்று அப்பா அறிவித்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் பேச்சை எடுத்தால் தட்டை விட்டு எழுந்துவிடுவார். அம்மா கடைக்குக் கிளம்பினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுவார். மகளைப் பார்க்க அம்மாவுக்கு இந்த வரிசையை விட்டால் வேறு வழியில்லை.

சின்னவளின் தோளில் ஏழு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா இன்னும் பார்த்திராத பேத்தி.

பிடுங்காத குறையாகக் குழந்தையை வாங்கி, பெரியவன் எறிந்த போர்வைக்குள் பொதிந்துகொண்டாள்.

"யாருக்கும் தெரியாதேம்மா? அண்ணனுக்கு?"

"அவனுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிஷம் உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிடும். சமையலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டுத்தானே உன்கிட்ட போன்ல பேசினேன். எவனுக்குக் கேட்கும்?"

வரிசை நகர்ந்தது. பேச்சும் நகர்ந்தது. பல் முளைத்த கதை, வீடு மாறிய கதை, மாப்பிள்ளை ரசம் வைக்கிறேன் என்று பாத்திரத்தைக் கருக்கிய கதை.

"பிரசவத்தப்ப யாருடி கூட இருந்தா?"

"பக்கத்து வீட்டு அக்கா."

அம்மா போர்வையைக் குழந்தையின் மேல் இன்னும் இறுக்கிச் சுற்றினாள். பிறகு பின்னால் இருந்தவர்கள் மேல் பாய்ந்தாள். "ஏன் இப்படித் தள்ளறீங்க? சாமி எங்கேயாவது ஓடிடப் போகுதா? மெதுவா வாங்க!"

நாலு மணி நேரம் கழித்து சன்னதி வந்தபோது, இவ்வளவு சீக்கிரமா என்றிருந்தது அவளுக்கு.

"நகருங்கம்மா, நகருங்க" என்றார் காவலுக்கு நின்றவர்.

"நகர்றேன், இருங்க." குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினாள். 'வேண்டுதல்னு உன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்ப்பா. அடுத்த வருஷமும் சொல்லுவேன். கோவிச்சுக்கிறதுன்னா கோவிச்சுக்கோ.'

சின்னவள் பின்வாசல் வழியாக இறங்கினாள். போர்வை குழந்தையோடு போனது.

முன்வாசலில் அப்பா காத்திருந்தார். "போர்வை எங்கேடி?"

அம்மா வாயைத் திறப்பதற்குள், "வரிசையில நழுவி விழுந்திருக்கும்ப்பா, இந்தக் கூட்டத்துல" என்றான் பெரியவன். தன் கோட்டைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டிவிட்டான்.

"எல்லாம் இவளோட பிடிவாதம். ஒரு டிக்கெட் வீணாப் போச்சு" என்றார் அப்பா.

விரல்கள் மரத்துப் போயிருந்தன. அம்மா கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். டிக்கெட்டுகள் தட்டுப்பட்டன. மெல்ல எடுத்துப் பார்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் வாசலில் ஓரம் கிழித்துக் கொடுத்தவை.

மற்ற பையிலும் துழாவினாள். கைக்குட்டைதான் இருந்தது; நாலாவது டிக்கெட் இல்லை.

அன்றைக்குச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியவன் தண்ணீர் குடிக்க வந்து, குடிக்காமலே திரும்பிப் போனது ஞாபகம் வந்தது.

"அடுத்த வருஷமாவது எங்களோட ஒழுங்கா வருவியா?" என்று அதட்டினார் அப்பா.

அம்மா டிக்கெட்டுகளைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள். "மாட்டேன். பொது வரிசைதான்."

"கேட்டியாடா, இவ திமிரை?"

"கேட்டேன்ப்பா." மலையைப் பார்த்தபடியே சொன்னான் பெரியவன். "அடுத்த வருஷமும் நாலாவே எடுத்துடறேன்."