சுத்த சைவ லாட்ஜில் ஒரு சிக்கன்

"சிக்கன், ப்ளீஸ்" என்றார் அந்த வெள்ளைக்கார அம்மா.

கேட்ட இடம்தான் தப்பு. கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த லாட்ஜின் வாசலில் 'சுத்த சைவம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அது 2007 கார்த்திகை மாதம் வேறு. உள்ளே முழுக்க ஐயப்ப பக்தர்கள். முதலாளி செல்லப்பாண்டியும் மாலை போட்டிருந்தார்.

வரவேற்பு மேஜையில் இருந்த தேவயானிக்கு வியர்த்துவிட்டது.

"நோ சிக்கன் மேடம். ஒன்லி வெஜ்."

"லவ்லி" என்று சிரித்த அந்த அம்மா, முதுகு மூட்டையைத் தரையில் இறக்கினார். "நவ், சிக்கன்?"

செல்லப்பாண்டி எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி கேக்குறாக?"

"சிக்கன் வேணுமாம் சாமி."

"சாமி சரணம். மாலை போட்டுக்கிட்டு இதெல்லாம் என் காதுல விழணுமா? இங்கன கிடையாதுன்னு சொல்லு."

"சொல்லிட்டேன் சாமி. திரும்பத் திரும்பக் கேக்குறாக."

குமுளியில் எங்கேயும் இடம் கிடைக்காமல், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அம்மா அவர். கடைசி 'சிக்கன்' ஏறக்குறைய அழுகையாகவே வந்தது.

செல்லப்பாண்டி அவரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். விறுவிறுவென்று மழையில் இறங்கிப் போய்விட்டார்.

"நல்ல சாமி. ஒரு பொம்பளை வாய்விட்டுக் கேட்டா இப்படியா வெடுக்குன்னு போவாக?" என்றாள், தரை துடைத்துக்கொண்டிருந்த மலையம்மாள்.

விரதம் இருப்பவர்களுக்குக் கோபம் கொஞ்சம் தாராளமாகத்தான் வரும்.

"பின், ப்ளீஸ்" என்றார் அந்த அம்மா.

தேவயானி ஒரு குண்டூசியை எடுத்துக் கொடுத்தாள். அவர் குண்டூசியைப் பார்த்தார், தேவயானியைப் பார்த்தார். பிறகு காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார்.

"பேனாவா?"

"யிஸ். பின். சிக்கன். பிட்." இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடித் தூங்கியும் காட்டினார்.

பென், பின். பெட், பிட். தேவயானிக்கு இப்போதுதான் உறைத்தது.

"யக்கா, சிக்கன் இல்லக்கா. செக் இன். ரூம் கேட்டிருக்காக."

"அதை ஏன் இப்படிச் சொல்றாக?"

"பாஸ்போர்ட்டுல நியூசிலாந்துன்னு இருக்கு. நாம இலையை எலைங்கிறோம்ல, இவுக அப்படியே தலைகீழ். 'எ' எல்லாம் 'இ' ஆயிருது."

"அப்ப கறி வேணாமா?"

தேவயானி கேட்டுச் சொன்னாள். "தொடவே மாட்டாகளாம். போர்டைப் பாத்துத்தான் உள்ளயே வந்தாகளாம்."

மலையம்மாள் துடைக்கிற துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். மிச்சமிருந்த ஒரே அறையின் சாவியை வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவும் காரணம் தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்.

அப்போது செல்லப்பாண்டி திரும்பி வந்தார். கையில் குடை இருந்தும் தொப்பலாக நனைந்திருந்தார். மடக்கிய குடையின் நுனியில், உடம்பில் பட்டுவிடாத தூரத்தில், பரோட்டாக் கடைப் பொட்டலம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வாசனை அது என்னவென்று சொல்லிவிட்டது.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"பின்கட்டுல உக்கார வச்சு அந்தம்மாவுக்குக் குடு தாயி. மாலை போட்டிருக்கது நான்தானே, அவுகளா?"