எழுத விடாதவள்

“இஞ்சேருங்கோ! எழுதினது காணும். காஸ் லொறி வந்து நிக்குது, சிலிண்டரை இறக்கிக்கொண்டு வாங்கோ!”

குசினியிலிருந்து மீனாம்பிகை போட்ட சத்தம் கொக்குவில் ஸ்டேசன்வரை கேட்டிருக்கும்.

மேசையில் குனிந்திருந்த தியாகராசா பேனையை மூடினார். பார்க்க வந்திருந்த தங்கச்சியிடம் பெருமூச்சு விட்டார்.

“பார்த்தியே தவமணி? இப்பதான் ஒரு வசனம் வந்தது. அதுவும் ஓடிப் போட்டுது.”

தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை மணித்தியாலத்துக்குள் இது மூன்றாந்தரம். முதலில் முருங்கைக்காய் ஆய, பிறகு மோட்டரைப் போட, இப்போது காஸ்.

பதினொரு வருசமாக அண்ணை நாவல் எழுதுகிறார். எந்தப் புத்தக வெளியீடென்றாலும் வாழ்த்துரை அவர்தான். அழைப்பிதழில் ‘நாவலாசிரியர்’ என்றே போடுவார்கள். நாவல்தான் இன்னும் இல்லை. ஏனென்று கேட்டால் ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லும், பெண்சாதி விட்டால்தானே என்று.

“மச்சாள், அந்த மனிசனை நிம்மதியா இருக்க விடுங்கோவன். சிலிண்டரை நீங்கள் இறக்கினால் கை தேய்ஞ்சு போமோ?”

“கை தேயாது, நாரி எலும்புதான் முறியும். உவர் எழுதிக் கிழிச்சது போதும்.”

தவமணி அன்றே முடிவெடுத்தாள். அச்சுவேலியில் அவள் வீட்டில், மகள் லண்டன் போனபிறகு ஒரு அறை சும்மா கிடக்கிறது. அண்ணை அங்கே வந்து எழுதி முடிக்கட்டும்.

அண்ணை சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை.

மீனாம்பிகை படலைவரை வந்தாள். “அங்கை அவருக்குச் சரிவராது, தவமணி.”

“ஏன், ஏவி வேலை வாங்க ஆளில்லை எண்டோ?”

மீனாம்பிகை படலையைச் சாத்தினாள்.

தவமணி அதோடு விட்டிருக்கலாம். வாசிகசாலைத் தலைவர் பொன்னம்பலத்தாரிடமும் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் தைப்பூசத்துக்கு வெளியீடு என்று நாள் குறித்து, மேடையில் முதற்பிரதி வாங்க ஒரு நகைக்கடை முதலாளியையும் பிடித்துவிட்டார். புத்தகம் ஒன்றுதான் பாக்கி.

அச்சுவேலியில் முதல் இரண்டு நாளும் அண்ணையின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. தவமணி தேத்தண்ணியைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்தாள். மோட்டர் இரையுமென்று கிணற்றில் வாளியால் அள்ளினாள். நாடகம் பார்ப்பதையும் விட்டாள்.

மூன்றாம் நாள் ஃபான் கிறீச்சிடுகிறது என்றார். எண்ணெய் விட்டாள். பிறகு பக்கத்து வீட்டு நாய் என்றார். போய்ச் சண்டை பிடித்துக் கட்டுவித்தாள். பிறகு கந்தசஷ்டி ஒலிபெருக்கி என்றார். சூரன்போரோடு அதுவும் ஓய்ந்தது.

எட்டாம் நாள் சொல்ல ஒரு குறையும் மிஞ்சவில்லை. அண்ணை சாப்பாட்டைக் குறைத்தார். முகம் வழிக்காமல் விட்டார்.

பத்தாம் நாள் காலை பொன்னம்பலத்தார் சைக்கிளோடு படலையில் நின்றார். “எத்தினையாம் அத்தியாயம் போகுது?”

அண்ணை குளிக்கிற சாட்டில் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அறையைக் கூட்டப் போன தவமணி மேசையில் கிடந்த கொப்பியைத் திறந்தாள். முதல் தாளில் திகதி பதினொரு வருசத்துக்கு முந்தியது.

முதலாம் அத்தியாயம். ‘அன்று விடியவே மழை பெய்தது.’ வெட்டியிருந்தது. ‘அன்று விடியும்வரை மழை பெய்யவில்லை.’ அதுவும் வெட்டு.

தாளைப் புரட்டினாள். மறுபடி முதலாம் அத்தியாயம். மறுபடி மழை. எண்பது தாள் கொப்பி முழுக்க மழை பெய்தும் பெய்யாமலும் கிடந்தது. இரண்டாம் அத்தியாயம் எங்கும் இல்லை.

தைப்பூசம் அவளுக்கு நினைவு வந்தது. மேடை, மாலை, முதற்பிரதி. அவ்வளவு சனத்துக்கு முன்னால் அண்ணை எதைத் தூக்கிக் காட்டுவார்?

“இஞ்சேருங்கோ!”

படலையில் மீனாம்பிகை. தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“இஞ்சை வந்து சொகுசா இருக்கிறியளோ? அங்கை காஸ் முடிஞ்சு போச்சு. நான் ஈர விறகை ஊதி ஊதிச் சாகிறன். நாவலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வெளிக்கிடுங்கோ!”

கிணற்றடியிலிருந்து ஈரத் துவாயோடு ஓடிவந்த அண்ணையின் முகத்தைத் தவமணி பார்த்தாள். பத்து நாளில் முதல்தரம் அதில் உயிர் வந்திருந்தது.

“பார்த்தியே தவமணி? முடிக்கிற நேரம் பார்த்து வந்திட்டாள். என்ரை விதி!”

ஐந்து நிமிசத்தில் உடுத்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றார்.

மீனாம்பிகை அறையில் அவருடைய உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தாள். தவமணி மெல்லக் கேட்டாள்.

“மச்சாள், காஸ் அண்டைக்குத்தானே இறக்கினது? என்ரை கண்ணுக்கு முன்னாலை.”

மீனாம்பிகை நிமிரவில்லை. “கொப்பியைப் பார்த்திட்டியோ?”

“ஓம்.”

“வாயைத் திறந்திடாதை. எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம். அவர் தாங்கமாட்டார்.”

பஸ் நிலையப் பக்கம் அண்ணையும் மச்சாளும் நடந்தார்கள். அண்ணை கொப்பியை மட்டும் நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் போனார். பையைச் சுமந்துகொண்டு அவள் பின்னால்.

அதுவரை தெருவில் காத்து நின்ற பொன்னம்பலத்தார் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிட்ட வந்தார். “என்ன பிள்ளை இது? அழைப்பிதழ் அடிக்கக் குடுத்திட்டனே. நாவல் முடிஞ்சுதோ?”

தவமணி தெருவைப் பார்த்தபடி சொன்னாள்.

“எங்கை முடியிறது? கடைசி அத்தியாயம் மட்டும்தான் மிச்சம். அதுக்குள்ளை அவ வந்து இழுத்துக்கொண்டு போட்டா.”

“சரியான ராட்சசி!”

“ஓம்,” என்றாள் தவமணி.