வாயாடி

"உங்க பொண்ணு இன்னிக்கு என்னையே எதிர்த்துப் பேசிட்டா. அதுவும் வகுப்புல, எல்லார் முன்னாடியும்!"

கணக்கு வாத்தியார் எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பொடிசு தன்னிடம் வாலாட்டுவதா? முளையிலேயே கிள்ளாவிட்டால் மொத்த வகுப்பும் தலைமேல் ஏறிவிடும் என்பது அவர் கவலை. கலவரத்தால் மூடிக் கிடந்து இப்போதுதான் திறந்திருக்கும் பள்ளி. வந்த அன்றே தலைமையாசிரியை பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எத்தனையோ வகுப்பைப் பார்த்தவன் மேடம், நான் பார்த்துக்கறேன்" என்று இவர் முந்திக்கொண்டார்.

எதிரே நின்ற அப்பா, பெயிண்டர். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். காதோரத்தில்கூட வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"யாரு சார், இவளா?"

"இவளேதான். இப்ப பாருங்க, வாயில விரலை வெச்சாக்கூட கடிக்கத் தெரியாத மாதிரி நிக்கறதை! சரியான வாயாடி."

"என்ன சார் சொன்னா?"

"பின்னாடி ரெண்டு பேர் பேசிட்டிருந்தாங்க. ஸ்கேலால மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். உடனே இவ பக்கத்துல உட்கார்ற பொண்ணு பெஞ்சுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா. என்ன விளையாட்டு இது, வெளிய வான்னு அதட்டினேன். உங்க பொண்ணு விருட்டுனு எழுந்திரிச்சு, 'அதட்டாதீங்க சார்! அவ விளையாடல, பயந்துட்டா. என்னன்னு முதல்ல கேளுங்க!'ங்கறா. எனக்கே பாடம் எடுக்கறா!"

பெயிண்டர் வியப்பில் வாயைப் பிளந்தார்.

"இவ்வளவும் இவளேவா சொன்னா சார்?"

"பின்னே, நான் கதை கட்டுறேனா?"

"சத்தமா சொன்னாளா?"

"சத்தமாவா? வாசல் கேட் வரைக்கும் கேட்டிருக்கும்!"

"அவ்வளவு சத்தமாவா!"

மனிதர் முகத்தில் பெருமை வழிந்தது. மகளின் தலையை வருடிக் கொடுத்தார். வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் கண்டிக்கக் கூப்பிட்டால், மெடல் வாங்கின மாதிரியல்லவா பல்லைக் காட்டுகிறார்!

"இதுல சிரிக்க என்னய்யா இருக்கு? எல்லாம் நீங்க குடுக்கற செல்லம். வந்ததுலேர்ந்து பார்க்கறேன், பேர் கூப்பிட்டா வாயைத் திறந்து 'பிரசன்ட் சார்'னு சொல்ல மாட்டா. கையை மட்டும்தான் தூக்குவா. அவ்வளவு திமிரு!"

"ஒரு நிமிஷம் சார்." பெயிண்டர் செல்போனை எடுத்து மனைவியை அழைத்தார். ஸ்பீக்கரைப் போட்டு வாத்தியார் முன் நீட்டினார். "இவ அம்மாகிட்ட நீங்களே ஒரு தடவை சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டா."

"என்ன, கிண்டலா?" வாத்தியார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "குடும்பமே சேர்ந்து என்னைக் கேலி பண்றீங்களா?"

"ஐயோ, இல்ல சார்." சிரித்துக்கொண்டிருந்தவரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "கலவரத்துல எங்க வீட்டுக் கதவை உடைச்சு உள்ள வந்தாங்களே, அன்னிலேர்ந்து இவ ஒரு வார்த்தை பேசினதில்ல சார். ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. அப்பான்னுகூட கூப்பிடல. அவ்வளவு பயத்துல இருக்கிற பிள்ளை, இன்னொரு பிள்ளை பயந்ததும் வாயைத் திறந்திருக்கா!"

போனில் "ஹலோ? ஹலோ? பாப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு குரல் பதறிக்கொண்டிருந்தது.

வாத்தியார் மெல்லப் போனை வாங்கி, அந்தச் சின்னப் பெண் முன்னால் மண்டியிட்டு, அவள் வாயருகே பிடித்தார்.

"கண்ணு, என்னை இன்னொரு தடவை திட்டும்மா. உங்க அம்மா கேட்கட்டும்."