அதே மாதிரி ஒரு பேஸ் கிட்டார்

கடையில் வாசித்துப் பார்த்த பேஸ் கிட்டாரைக் கீழே வைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான் கணவன்.

“வீட்ல இருக்கறதும் இதே நாலு கம்பிதானே?” என்றாள் மனைவி.

“ஆமா.”

“கனம்?”

“அதேதான்.”

“சத்தத்துலயாவது வித்தியாசம் இருக்கா?”

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “பெருசா இல்ல” என்று எழுந்து, கிட்டாரைத் திரும்பச் சுவரில் மாட்டப் போனான்.

“எங்க கொண்டு போறீங்க? பில் போடச் சொல்லுங்க.”

“நிஜமாவா?”

“நீங்க வேலைக்குப் போனதும் உங்க கிட்டார்லதான் நான் தினமும் வாசிச்சுப் பழகறேன். வேற மாதிரி வாங்கினா என் விரல் தடுமாறும். அதான் துருவித் துருவிக் கேட்டேன்.”

நம்பாமல் அவள் இடது கையைப் பிடித்துப் பார்த்தான். விரல்நுனிகள் அவனுடையவை போலவே காய்த்துப் போயிருந்தன.

“அப்போ புதுசு யாருக்கு?” என்றான் சிரித்தபடி.

“அதுக்கு வீட்டுக்குப் போய் சண்டை போட்டுக்கலாம், வாங்க.”