குளத்துக்கு ஒரு நாள் லீவு

செல்வநாயகம் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மண்டபத்தில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"எங்கட பூட்டன் மண் சுமந்து கட்டின குளம், மிஸ். இந்த மீன் எங்கட உரித்து. அதில ஒரு நாளைத் தா எண்டு கேக்கிறது, கைவிரலில ஒண்டை வெட்டித் தா எண்டு கேக்கிற மாதிரி."

அவர் நாவலடிக்குளம் மீனவர் சங்கத்தின் தலைவர். அவருடைய பூட்டன் யாழ்ப்பாணத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தவர். குடும்பம் காணி கிடைத்து இந்த ஒட்டுசுட்டான் பக்கம் வந்ததே தகப்பன் காலத்தில்தான். இது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை.

எதிரே இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த மீன்பிடி உத்தியோகத்தர் ஜெசிந்தா, மன்னார்க்காரி. குளத்தில் மீன் குறைந்துகொண்டே போகிறது, குஞ்சு வளரமுதலே சட்டிக்குப் போய்விடுகிறது என்பது அவருடைய கவலை. கிழமையில் ஒரு நாள் குளத்தைச் சும்மா விட்டால்தான் இந்த வருஷம் லைசென்ஸ் என்று போன மாதமே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சங்கத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் போனால் அந்த நாள் உழைப்பும் போச்சு. ஒரு நாள் மீனையும் இழக்காமல் லைசென்சை வாங்கித் தருகிறேன், என்னிடம் விடுங்கள் என்று நெஞ்சைத் தட்டியவர் செல்வநாயகம்தான்.

அதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருக்கவேண்டும். தலைவரான நாளிலிருந்து பேச்சுத்தான் அவருடைய தொழில். பின்னேரம் தோணியில் போய் வலை போடுவதும், விடியப் போய் அதை எடுப்பதும் மச்சான் ஜனகனின் பாடு.

ஜெசிந்தா முதலில் புதன்கிழமை சரிவருமா என்று கேட்டார். புதன் போனால் பிள்ளைகளின் வயிறு காயும் என்று செல்வநாயகம் தழுதழுத்தார். திங்கள் என்றபோது தலையில் கைவைத்தார். ஞாயிறு என்றபோது எழுந்து போய் யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பினார்.

"சரி மிஸ். வெள்ளிக்கிழமையை எடுங்கோ. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு தாறம்."

பின்வரிசையில் யாரோ பலமாக இருமினார்கள். சிரிப்பை விழுங்க வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை அந்த ஊரில் ஒரு வீட்டிலும் மீன்சட்டி அடுப்பில் ஏறாது. அன்றைக்குக் கருவாடு பொரித்தவளைப் பற்றி மூன்று வேலி தாண்டிக் கதைப்பார்கள். அன்றைக்குப் பிடிக்கும் மீனை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. ஜெசிந்தா வேதக்காரப் பெண், கத்தோலிக்கர்கள் வெள்ளியில் இறைச்சியைத்தான் விடுவார்கள், மீனை அல்ல, ஆகவே பிடிபடமாட்டாது என்பதுதான் செல்வநாயகத்தின் கணக்கு.

ஜெசிந்தா, தானும் மீன்பிடிக்கிற ஒருவரின் மகள்தான், உங்கள் கஷ்டம் விளங்குகிறது என்றார். பிறகு பேனையைத் திறந்தார்.

"வெள்ளி விடிஞ்சதில இருந்து சனி விடியுமட்டும் ஒரு வலையும் தண்ணிக்க இருக்கக் கூடாது. கண்டால் லைசென்ஸ் போயிடும். சம்மதமோ ஐயா?"

"ஒரு முழக் கயிறுகூட இராது மிஸ்" என்று செல்வநாயகம் விக்கினார். இந்தமுறை கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்துவிட்டது. அடக்கிய சிரிப்பு வேறு எந்த வழியால் வரும்?

எல்லோரும் தொங்கிய முகத்தோடு ஒப்பமிட்டார்கள். ஜெசிந்தாவின் மோட்டார் சைக்கிள் குளக்கட்டைத் தாண்டும்வரை அதே முகம். தாண்டியதுதான் தாமதம், தலைவரைத் தூக்கிவைத்துக் கூத்தாடி, சோடா உடைத்து, வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள்.

சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்த அவர் மனைவி நாகேஸ்வரி, கிணற்றடியில் தராசுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். செல்வநாயகம் முழு நாடகத்தையும் அவருக்கு நடித்துக் காட்டினார். பூட்டன் மண் சுமந்த இடத்தில் நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. யன்னலைப் பிடித்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டிலேயே இருந்துவிட்டார். கட்டினவன் கெட்டிக்காரன்தான் என்று அன்றைக்கு அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

செல்வநாயகத்துக்கு இன்னும் உற்சாகம் ஏறியது.

"இனிச் சனிக்கிழமைச் சந்தையை யோசிச்சுப் பார். வெள்ளி முழுக்க மரக்கறி திண்டு நாக்குச் செத்த சனம் விடியவே வந்து நிக்கும். கிழமையில உனக்கு நல்ல யாவாரம் அண்டைக்குத்தானே. அதில ஒரு மீனையும் நான் விட்டுக்குடுக்கேல்லை."

நாகேஸ்வரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு தலை ஆடுவது நின்றது. சிரிப்பும் நின்றது. தராசுத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இஞ்சேருங்கோ, சனிக்கிழமை விக்கிற மீனுக்கு வலை எப்பயப்பா போடுறது?"