புகை நின்ற நாள்

நீதிமன்றம் அனுப்பிய ஆய்வு அதிகாரி சலவைக்கடையின் மொட்டை மாடிக்கு ஏறி வந்தபோது, எதிரே சாயத் தொழிற்சாலையின் புகைபோக்கி பரம சாதுவாக நின்றது. ஒரு பொட்டுப் புகை இல்லை.

சலவைக்கடைக்காரியின் பக்கத்தில் நின்ற தையல்காரருக்கு வயிறு எரிந்தது. தொழிற்சாலை மீது தெருக்காரர்கள் அவர் பெயரில் போட்ட வழக்குக்கு மூன்று வயது. அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வரப்போகிறார் என்பது தெருவில் ஐந்து வீட்டுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

"யாரோ போட்டுக்குடுத்துட்டாங்க அக்கா. எல்லாம் போச்சு."

அவளுக்கும் பயம்தான். இனி ஒரு கறை கண்டாலும் துணி அனுப்ப மாட்டோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அது நின்றால் கடையை மூடவேண்டியதுதான்.

அதிகாரியோடு ஏறி வந்த தொழிற்சாலை மேலாளர் முகத்தில் பால் வடிந்தது. தெருவில் விழும் கரியெல்லாம் நெடுஞ்சாலை லாரிகளின் வேலை என்று, மூன்று வருடமாகச் சொல்வதையே இன்றும் சொன்னார். கீழே லாரிகள் வழக்கம்போல முட்டி மோதிக்கொண்டிருந்தன.

சலவைக்கடைக்காரி முன்னால் வந்தாள். காலையிலிருந்து கொடியில் காய்ந்த விரிப்பு ஒன்றை உருவி அதிகாரியிடம் கொடுத்தாள். பளிச்சென்ற வெள்ளை.

பிறகு நேற்றையதை நீட்டினாள். அதே கொடி, அதே வெயில். மிளகுத்தூளைக் கொட்டியதுபோல் கரி அப்பியிருந்தது.

அதிகாரி இரண்டையும் பார்த்தார். லாரிகளைப் பார்த்தார். இன்றைக்குக் கொதிகலன் ஓடுகிறதா என்று மேலாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"காலையிலேருந்தே நிறுத்தி வச்சிருக்கோம் சார்," என்றார் மேலாளர், பெருமையாக.

அதிகாரி அதை ஒரு எழுத்து விடாமல் எழுதி, அடியில் அவரிடமே கையெழுத்தும் வாங்கினார். பேனாவை மூடும்போதுதான் மேலாளருக்கு உறைத்தது. வடிந்த பால் திரிந்துவிட்டது.

படியிறங்கும்போது தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. போட்டுக்கொடுத்த அந்தப் புண்ணியவான் கையில் கிடைத்தால் மாலையே போடுவேன் என்றார்.

சலவைக்கடைக்காரி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். மேலாளரின் சட்டைகளை வாராவாரம் தேய்த்துக் கொடுப்பவள் அவள்தான். நேற்றும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வாசலில் நின்றே அக்கறையாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"நாளைக்கு இந்த நீலச் சட்டையப் போட்டுக்கங்க சார். கோர்ட்டுலேருந்து பெரிய ஆளு வர்றாராம்."